காணித் தரகரின் அமானிதம்

நம்மவர்களில் பலர் கடை வியாபாரத்தோடு காணித் தரகும் செய்து வருகிறார்கள். அதில் குறையொன்றுமில்லை. விற்பவரையும் வாங்குபவரையும் சேர்த்து வைத்துப் பேசிய கூலியை எடுப்பது ஹலாலான உழைப்பே. ஆனால் கொமிஷனைத் தருபவர் விற்பவர்தானே, வாங்குபவருக்கு நான் ஏன் பொறுப்பு என்று கேட்கும் தரகர்களைக் காண்கிறேன். இவ்வாரம் அவர்களோடுதான் பேச்சு.

தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது ஈரம் பட்டதையும், அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியிடம் கேட்டதையும் ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். காணிக்கும் அப்படி ஈரம் உண்டு. 2016 மே மாத வெள்ளத்தில் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பகுதி வீடுகள் நீரில் மூழ்கின. அத்தகைய தாழ்நிலத்தை மண் போட்டு நிரப்பி, பெப்ரவரி வெயிலில் கூட்டிச் சென்று காட்டினால் வெளியூர்க்காரருக்கு என்ன விளங்கும்? ஊர்த் தரகருக்கோ தண்ணீர் எந்த மதில் வரை வந்தது என்பது நன்றாகத் தெரியும்.

இதைவிடப் பாரதூரமானது வாரிசுக் காணி. வஸிய்யத் இன்றி மௌத்தாகும் முஸ்லிமின் சொத்து, 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டப்படி, அவர் சார்ந்த பிரிவின் முஸ்லிம் சட்டத்தின்படியே பங்கிடப்படும். வாப்பா விட்டுச் சென்றது 16 பேர்ச்சஸ் என்று வைத்துக்கொள்வோம். கடன் ஏதுமில்லை, அவருடைய பெற்றோரும் உயிரோடு இல்லை. உம்மாவுக்கு எட்டில் ஒன்று, அதாவது 2 பேர்ச்சஸ். மீதி 14இல் இரு மகன்மாருக்குத் தலா 4, மூன்று மகள்மாருக்குத் தலா 2. இப்போது மகன்மார் இருவர் மட்டும் உறுதியில் கையெழுத்து வைத்தால் வாங்குபவருக்குச் சேர்வது 8 பேர்ச்சஸுக்கான உரிமைதான். அதுவும் எந்தப் பக்கம் என்று பிரிக்கப்படாத 8. அவரோ 16க்கும் காசு கொடுத்திருக்கிறார்!

“தங்கச்சிமார் ஒன்றும் சொல்ல மாட்டாங்க நானா” என்பது தரகர் வாயில் அடிக்கடி வரும் வார்த்தை. அந்தத் தங்கச்சிமாரின் கல்யாணத்தில் சோறு சாப்பிட்டவர் அவர். வாங்குபவரோ கட்டாரில் பத்து வருடம் உழைத்ததைக் கொண்டு வந்தவர். பிறகு பிரிவினை வழக்கென்று நீதிமன்றப் படி ஏறி இறங்குவது யார்? சகோதரிகளின் ஹக்கும் போய், வாங்கியவரின் காசும் முடங்கிக் கிடக்கும்.

அவசரப்படுத்துவது இன்னொரு பழக்கம். இல்லாத ‘வேறு பாட்டி’யைச் சொல்லி அட்வான்ஸ் வாங்குவது, மார்க்கம் தடுத்த நஜ்ஷைச் சேர்ந்தது என்றே நான் கருதுகிறேன். காணி விற்பனை எழுத்தில், நொத்தாரிஸ் முன்னிலையில், இரு சாட்சிகளோடு நடக்க வேண்டுமென்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம். தரகர் வாயால் கொடுத்த உறுதி அங்கே நிற்காது. ஆகவே அட்வான்ஸ் கேட்கும் முன்பே உறுதியின் பிரதியையும் நில அளவைப் படத்தையும் வாங்குபவரின் கையில் கொடுத்துவிட வேண்டும். அவருடைய நொத்தாரிஸ் காணிப் பதிவகத்தில் தேடிப் பார்க்கட்டும். ஈடு வைத்திருந்தால் அங்கே தெரியவரும்.

எனக்குத் தெரிந்த ஒரு தரகர், வாரிசுகள் அனைவரையும் தன் கண்ணால் கண்டு சம்மதம் கேட்காமல் எந்த வளவையும் காட்டப் போக மாட்டார். வருடத்துக்கு மூன்று நான்கு காணிதான் அவருக்கு முடிகிறது. வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் அவரைத்தான் தேடிப் போகிறார்கள்.