சன்ரூஃப் மக்கர் செய்தால்...

காரின் கூரையில் திறந்து மூடும் கண்ணாடி, அதாவது சன்ரூஃப், இப்போது நடுத்தர விலைக் கார்களிலும் வந்துவிட்டது. பழுதானால் "முழு செட்டையும் மாத்தணும்" என்று பயமுறுத்துகிறார்கள். ஆனால் வீட்டு வாசலிலேயே சரிசெய்யக்கூடிய பழுதுகள் பல உண்டு. ஆட்டோமொபைல் பிரிவு மாணவனான நான் செய்து பார்த்ததை இங்கே தருகிறேன்.

முதலில் அமைப்பைப் பார்ப்போம். மோட்டார் தண்டில் உள்ள வார்ம் கியர் ஒரு சிறிய பல்சக்கரத்தைச் சுழற்றும். அதன் இருபக்கமும் கேபிள்கள். பிரேக் கேபிள் இழுக்க மட்டுமே செய்யும். இதுவோ தள்ளவும் செய்யும். மேலே கம்பிச்சுருள் இருப்பதால் பல்சக்கரத்தில் கச்சிதமாகப் பிடித்துக்கொள்ளும். கண்ணாடி பாதியில் நின்றாலும் தானாக நகராது. காரணம், வார்ம் கியரைப் பின்பக்கமிருந்து சுழற்றுவது கடினம். வகுப்பில் தூங்காதவர்களுக்கு இது தெரியும்!

இனி சோதனை.

1. அசைவே இல்லை என்றால் முதலில் ஃபியூஸ். அடுத்து மல்டிமீட்டரால் மோட்டார் இணைப்பில் 12 வோல்ட் வருகிறதா, எர்த் சரியா என்று பாருங்கள்.

2. மோட்டார் சத்தம் கேட்கிறது, கண்ணாடி நகரவில்லை என்றால் கேபிளோ பல்சக்கரமோ தேய்ந்திருக்கலாம்.

3. மூடும்போது பாதியில் நின்று திரும்புகிறதா? விரல் நசுங்காமல் காக்கும் அமைப்பு, ரெயிலில் உள்ள தூசியையும் தடையாக நினைத்துக்கொள்ளும். பழைய கிரீஸைத் துடைத்துவிட்டு சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். ரப்பர் பீடிங்கில் என்ஜின் ஆயில் படவே கூடாது, ரப்பர் உப்பிவிடும்.

4. பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகு சில கார்களில் சன்ரூஃப் தன் நிலையை மறந்துவிடும். மறுபடி பழக்கும் முறை காரோடு தந்த கையேட்டில் இருக்கும்.

5. கண்ணாடி கோணலாக நின்றால் ஒருபக்கக் கேபிள் நழுவியிருக்கும். சுவிட்சை மேலும் அழுத்தாதீங்க! பல கார்களில் மோட்டாரை ஆலன் சாவியால் திருப்பி மூடும் வசதி உண்டு.

அடுத்து ஒழுகல். என் சித்தப்பா காரில் மழை பெய்தால் முன்சீட்டுக் கால்மிதி நனைந்தது. ஒர்க்‌ஷாப்பில் பீடிங்கை மாற்றினார்கள். பணம் போனதுதான் மிச்சம், ஒழுகல் நிற்கவில்லை. உண்மையில் பீடிங் எல்லா நீரையும் தடுப்பதில்லை. உள்ளே வரும் நீரைச் சுற்றியுள்ள தொட்டி ஏந்தும். மூலைகளிலுள்ள சிறு குழாய்கள் அதைத் தூண்கள் வழியாகக் காருக்கு வெளியே கொண்டுபோகும். நான் ஒவ்வொரு மூலையிலும் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். முன் இடது மூலையில் மட்டும் தேங்கியது. தடித்த நைலான் நரம்பின் முனையை மழுக்கி மெதுவாக விட்டு எடுத்தேன். வேப்பிலைச் சருகும் சேறும் வந்தன. வேலை முடிந்தது, செலவு பூஜ்யம்! கம்ப்ரஸர் காற்றை வேகமாக அடிக்க வேண்டாம். உள்ளே குழாய் இணைப்பு கழன்றுவிடும்.

எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் தொழில் அறிவுதான். கண்ணாடி உடைந்தால் ஒட்ட முடியாது, மாற்றத்தான் வேண்டும். பல கார்களின் கூரை ஓரத்தில் ஏர்பேக் மடிந்திருக்கும். ஆகவே உள்கூரையைக் கழற்றும் வேலையைத் தெரிந்தவரிடம் விடுங்கள். ரெயிலில் கைவைக்கும் முன் சாவியை எடுத்து நம் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும். சுவிட்ச் பக்கம் குழந்தைகள் வரக் கூடாது. போன விரலுக்கு ஸ்பேர் கிடையாது.

நண்பர்களே, பாகத்தை மாற்ற யாராலும் முடியும். பழுதைக் கண்டுபிடிப்பவனே டெக்னீஷியன்!