எலும்பு கூடிடுச்சா? இமேஜ்-ஜே சொல்லுமா?

கால் முறிந்தவரின் முதல் மாத எக்ஸ்-ரே, மூன்றாம் மாத எக்ஸ்-ரே இரண்டையும் இமேஜ்-ஜே மென்பொருளில் திறங்க. (அமெரிக்காவின் என்.ஐ.ஹெச். தந்தது, இலவசம்தான்.) முறிவைச் சுற்றி மேகம் மாதிரி தெரியுற புது எலும்புதான் காலஸ். அதன்மேல் ஒரு கட்டம் வரைந்து 'மெஷர்' கொடுத்தால் சராசரி வெண்மை வரும்: 8-பிட் படத்தில் 0 கருப்பு, 255 வெள்ளை. உதாரணத்துக்கு, முன்னாடி 110, இப்போ 140. கூடிடுச்சு, ஊன்றி நடக்கலாம்னு சொல்லிடலாமா?

அவசரப்படாதீங்க! எக்ஸ்-ரே எடுத்த அளவு மாறினாலே படம் மொத்தமும் வெளுத்துவிடும். அதனால் அதே படத்தில், முறிவிலிருந்து தள்ளி நல்லா இருக்கிற எலும்பிலும் ஒரு கட்டம் போடுங்க. அங்கே முன்பு 160, இப்போது 200 என்றால்? 110/160 = 0.69; 140/200 = 0.70. காலஸ் அப்படியேதான் இருக்கு!

இதுவும் தோராயம்தான். ஆய்வுகளில் எலும்புக்குப் பக்கத்திலேயே ஒரு அலுமினியப் படிக்கட்டு வைத்துப் படம் எடுப்பாங்க. தடிமன் தெரிந்த உலோகம் அளவுகோலாகிடும்.

டாக்டர்கள் வெண்மையை மட்டும் நம்புவதில்லை. கணுக்காலுக்கு மேலுள்ள டிபியா எலும்புக்கு 2010-இல் வந்த 'ரஸ்ட்' முறையில், எலும்பின் நான்கு பக்கத்துக்கும் தலா 1 முதல் 3 மதிப்பெண், மொத்தம் 4 முதல் 12. காலஸ் பாலம் போட்டு, முறிவுக் கோடும் மறைந்தால்தான் அந்தப் பக்கத்துக்கு 3.

ஆமா, வாட்ஸ்அப்பில் வந்த போட்டோவை வைத்து இதைச் செய்யாதீங்க. டைகாம் கோப்பாகவே கேட்டு வாங்குங்க.