வண்டி விற்போர் கவனத்திற்கு

2001-இல் சுரங்கம் மூடிய பின் தங்கவயலை விட்டுப் பிழைப்புத் தேடிப் போன குடும்பங்கள் பல. தங்கவயல் எண் தாங்கிய காரைத் தமிழகத்தில் விற்போர், பணம் கைக்கு வந்ததும் வேலை முடிந்ததென்று எண்ணலாகாது.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, முதலில் படிவம் 28-ஐப் பதிவு அலுவலகத்தில் கொடுத்துத் தடையின்மைச் சான்று பெற வேண்டும். மனுவுக்கு ரசீது வாங்குக. 30 நாட்களில் மறுப்பு வராவிடில், சான்று கிடைத்ததாகவே சட்டம் கொள்ளும். படிவம் 29 விற்பனையை அறிவிப்பது. 30 பெயர் மாற்றம் கோருவது.

இவ்வளவு அலைச்சல் எதற்கு? பலர் கைமாறிய கார் ஒன்று விபத்துக்குள்ளான வழக்கில், பதிவேட்டில் பெயர் நீங்காத முதல் உரிமையாளரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது.

ஆகவே தோழர்களே, சாவியோடு பெயரையும் மாற்றிக் கொடுங்கள்.