கடற்கரைச் சாலையில் ஒரு தமிழ்ப் பாடம்

நான் ரயில்வேயில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். படித்தது டிப்ளமா, தமிழ்ப் புலமை கிடையாது. ஆயினும் சென்ற தை மாதம் ஒரு பயணத்தில் கிடைத்த பாடத்தை அமீர்பேட்டிலும் சுற்றுப்புறத்திலும் வாழும் நம் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

என்னுடன் வேலை பார்த்த தெலுங்கு நண்பருக்கு நெடுநாள் ஆசை ஒன்று. சென்னையிலிருந்து தரங்கம்பாடி வரை கடலோரமாகக் காரில் போக வேண்டும். சார்மினார் எக்ஸ்பிரஸில் போய் இறங்கி, வாடகைக் கார் அமர்த்திக்கொண்டோம். சவுக்குத் தோப்புகளுக்கு அப்பால் கடல் தெரிவதும் மறைவதுமாக வந்தது. மாமல்லபுரத்தில் இராசசிம்ம பல்லவனின் கடற்கரைக் கோயிலைப் பார்த்தோம். அடுத்து, டச்சுக்காரர் கோட்டை உள்ள சதுரங்கப்பட்டினம்.

அவ்வூர்ப் பலகையைப் படம் எடுத்துப் பேரனுக்கு அனுப்பினேன். "தாத்தா, இதுல என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டான். பத்து வயது. வீட்டில் நன்றாகத் தமிழ் பேசுவான். பள்ளியில் தெலுங்கு, இந்தி, ஆங்கிலம் எழுதுவான். தமிழ் எழுத்து மட்டும் தெரியாது. குற்றம் என்னுடையதுதான்.

நண்பர் என் முகத்தைப் பார்த்தார். "சார், எனக்கும் தெரியாது. இந்தப் பயணத்தில் எனக்குச் சொல்லிக் கொடுங்கள். ஊருக்குப் போய் அவனுக்குச் சொல்லலாம்" என்றார். உடனே கேள்வியும் கேட்டார். "தெலுங்கில் 'க' வரிசையில் நான்கு எழுத்து. உங்களுக்கு ஒன்றுதான். எப்படிப் படிப்பது?"

பலகையே விடை சொன்னது. சதுரங்கப்பட்டினத்தில் 'ங்' என்ற மெல்லினத்தை அடுத்து வரும் 'க', தெலுங்கின் மூன்றாம் எழுத்துப் போல மென்மையாக ஒலிக்கும். 'ப்ப', 'ட்டி' என இரட்டித்தால் வன்மை. தெலுங்கின் முதல் எழுத்துப் போல.

உப்பளங்கள் சூழ்ந்த மரக்காணத்தில் 'க்கா' இரட்டித்திருப்பதை அவரே கண்டுபிடித்தார். புதுச்சேரியைத் தாண்டி அரிக்கமேடு. 1945ல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த இடம். ரோமாபுரி மதுச்சாடிகளின் துண்டுகளோடு, தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் அங்கே கிடைத்துள்ளன.

கடலூர்ப் பலகை இன்னும் இரண்டு விதிகளைத் தந்தது. சொல்லின் முதலில் வரும் 'க' வன்மை. இரண்டு உயிரொலிகளுக்கு நடுவே தனித்து வரும் 'ட' மென்மை. வடசொற்களில் விதிவிலக்கு உண்டு. 'ச'வின் போக்கும் தனி. அவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

மாலையில் தரங்கம்பாடி. நண்பர் பலகையை எழுத்துக் கூட்டி, 'ங்க', 'ம்பா', 'டி' மூன்றையும் மென்மையாகச் சரியாகவே படித்துவிட்டார்!

டேனிஷ்காரர் 1620ல் எழுப்பத் தொடங்கிய கோட்டை இன்றும் நிற்கிறது. அருகிலுள்ள மாசிலாமணிநாதர் கோயிலின் பெரும்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. மயிலாடுதுறையிலிருந்து 1926ல் இவ்வூருக்குத் திறந்த மீட்டர் கேஜ் பாதையும் 1980களில் மூடப்பட்டுவிட்டது. ரயில்வேக்காரர்கள் இருவரும் அதை எண்ணிச் சற்று நேரம் பேசாமல் நின்றோம்.

ஆனால் ஒன்று அழியவில்லை. 1706ல் இங்கு வந்து இறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்குவுக்கு அப்போது இருபத்து நான்கு வயதுகூட நிரம்பவில்லை. அவர் திண்ணைப் பள்ளிக் குழந்தைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். பின்னர் இவ்வூரில் அமைந்த அச்சகத்தில் 1715ல் அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு தமிழில் வெளிவந்தது. முதலில் ஜெர்மனியிலிருந்து வந்த எழுத்துக்கள் அளவில் பெரியவை, காகிதம் போதாது. ஆகவே சிறிய எழுத்துக்களை இங்கேயே வார்த்தார்கள்.

இதைச் சொல்லி முடித்ததும் நண்பர் குனிந்து மணலில் தம் பெயரைத் தமிழில் எழுதினார். ஓர் எழுத்துதான் பிழை.

வீடு திரும்பியதும் அந்த நான்கு பலகைகளின் படங்களைப் பேரன் முன் வைத்தேன். முதல் நாள் ஒன்றைக்கூட அவனால் படிக்க முடியவில்லை. தெலுங்கு எழுத்தை அருகில் எழுதிக் காட்டியதும் பிடித்துக்கொண்டான். இப்போது நான்கையும் படிக்கிறான். 'ர', 'ற' மட்டும் இன்னும் குழப்பம்.

பெற்றோர்களே, நம் பிள்ளைகளுக்குத் தெலுங்கு எழுத்து தெரியும் என்பது ஒரு வசதி. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, ரயில் நிலையப் பலகைகளைப் படிக்கச் சொல்லுங்கள். தனிப் புத்தகம் வேண்டாம். ஜன்னலோர இருக்கை போதும்.