பழைய கார் வாங்குமுன்

பணிமாறுதலாகத் தில்லிக்கு வரும் குடும்பங்கள் முதலில் வாடகை வீடு தேடுகின்றன. சில மாதங்களில் ஒரு வண்டியும் தேடத் தொடங்குகின்றன. புதிய காரின் விலை எல்லாருக்கும் எட்டுவதில்லை. ஆகவே பலர் பயன்படுத்திய காரை நாடுகின்றனர். கரோல் பாக் போன்ற பகுதிகளில் அத்தகைய கார்கள் மெருகிட்டுத் துடைக்கப்பட்டு வரிசையாக நிற்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். (காருக்கு ‘மகிழுந்து’ என்னும் நல்ல தமிழ்ச்சொல் உண்டு. ஆயினும் வீட்டிலும் கடையிலும் கார் என்றே வழங்குவதால் இப்பாடத்திலும் அதையே ஆள்கிறோம்.)

தரகர் இந்தியில் விரைந்து பேசுவார். உங்கள் வீட்டில் அம்மொழியைத் தடையின்றி அறிந்தவர் பெரும்பாலும் நீங்களாகவே இருப்பீர்கள். எனவே கார் பார்க்கச் செல்லும்போது தந்தையார் உங்களையும் அழைத்துச் செல்லக்கூடும். அப்போது மொழிபெயர்த்துச் சொல்வதோடு நில்லாமல், எதைக் கேட்க வேண்டும் என்பதையும் அறிந்திருத்தல் நன்று.

ஒரு பழைய காருக்கு இரண்டு வரலாறுகள் உண்டு. ஒன்று இரும்பில் பதிந்தது; மற்றொன்று தாளில் பதிந்தது. இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பதே சோதனையின் உயிர். வண்டியை மட்டும் பார்ப்பவர் மெருகில் மயங்குவார். தாளை மட்டும் பார்ப்பவர் பழுதை அறியார்.

முதலில் வண்டியை நோக்குவோம். பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மழையில் நனைந்த வண்டியின் கீறலும் நெளிவும் கண்ணுக்குத் தெரியா. கதவுக்கும் உடலுக்கும் இடையிலுள்ள இடைவெளி இருபுறமும் ஒரே அளவில் இருக்கிறதா? ஒரு கதவின் நிறம் மற்றவற்றினும் சற்று வேறுபடுகிறதா? இடிபட்ட இடத்தைத் தட்டி நிமிர்த்தும் டிங்கரிங் வேலை முடிந்ததும், மேடு பள்ளம் தெரியாமலிருக்கப் பட்டி பூசி வண்ணம் அடிப்பர். மெல்லிய துணியில் சுற்றிய சிறு காந்தம் ஒன்றைத் தகட்டின்மீது வைத்துப் பாருங்கள். வெறும் தகட்டில் அது ஒட்டும். தடித்த பட்டி இருக்குமிடத்தில் நழுவும். பம்பர் பிளாஸ்டிக்கால் ஆனது. அங்கே காந்தம் ஒட்டாதது குற்றமன்று.

டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதலிரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். ‘1416’ எனில் 2016ஆம் ஆண்டின் 14ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்பது பொருள். இவ்விலக்கங்கள் டயரின் வயதை மட்டுமன்றி வேறொன்றையும் சொல்லும். மீட்டர் பதினெட்டாயிரம் கிலோமீட்டர் காட்டுகிறது. ஆனால் நான்கு டயர்களும் வண்டியைவிட இளையவை. ஸ்டெப்னி மட்டும் வண்டியின் வயதினது. அவ்வளவு குறைந்த தூரத்தில் நான்கும் தேய்ந்து மாற்றப்பட்டது ஏன்? ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டரைப் பின்னோக்கித் திருத்துவது இத்தொழிலில் நெடுநாளாக உள்ள ஏமாற்று. மீட்டரைத் திருத்துபவர் தேய்ந்த பிரேக் மிதியையும், வழவழத்த ஸ்டியரிங்கையும், அமுங்கிப்போன ஓட்டுநர் இருக்கையையும் பெரும்பாலும் மறந்துவிடுவார். சர்வீஸ் சீட்டுகளில் ஒவ்வொரு முறையும் தேதியும் தூரமும் எழுதப்பட்டிருக்கும். அவ்வெண்கள் படிப்படியாக ஏறிவர வேண்டும்.

எஞ்சினைக் குளிர்ந்த நிலையில் இயக்கிப் பார்த்தல் வேண்டும். நீங்கள் சென்ற உடனே பானெட்டின்மீது கையை வையுங்கள். சூடாக இருந்தால் யாரோ முன்னரே இயக்கி வைத்திருக்கிறார் என்று பொருள். அவ்வாறாயின் வேறொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்புவதே மேல். சைலன்சரில் வரும் புகையைக் கவனியுங்கள். நீலப்புகை எஞ்சின் ஆயில் எரிவதைக் காட்டும். கரும்புகை எரிபொருள் முழுமையாக எரியாததைக் காட்டும். குளிர்காலக் காலையில் சிறிது நேரம் வரும் வெண்புகை வெறும் நீராவி, ஆனால் எஞ்சின் சூடேறிய பின்னும் அது நில்லாது வந்தால் குளிர்விக்கும் நீர் எஞ்சினுக்குள் கசிகிறது என ஐயுறலாம்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைக் கண்டறிவது இவை எல்லாவற்றினும் கடினம். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் ஆயிரக்கணக்கான கார்கள் நீரில் நின்றன. அத்தகைய வண்டியைக் கழுவி உலர்த்தித் தொலைவிலுள்ள ஊரில் விற்றால், வாங்குபவர் எவ்வாறு அறிவார்? சீட் பெல்ட்டை இறுதிவரை இழுத்துப் பாருங்கள். சுருளின் உட்பகுதியில் சேற்றுக்கறை தங்கியிருக்கும். இருக்கைக்கு அடியிலுள்ள திருகுகளில் துரு இருக்கிறதா, தரைவிரிப்பின் கீழ் வண்டல் இருக்கிறதா என்றும் நோக்குக. உள்ளே நறுமணம் மிகுதியாக வீசினாலும் அதற்குக் காரணம் கேளுங்கள்.

ஓட்டிப் பார்ப்பது பெரியோர் செயல். நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரை உடனழைத்துச் செல்வதற்கு ஆகும் சிறு கூலியை வீண்செலவு என எண்ணலாகாது.

இனித் தாளுக்கு வருவோம். பதிவுச் சான்றிதழில் உள்ள சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் வண்டியில் பொறித்துள்ள எண்களோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட வேண்டும். இப்பணிக்குக் கூர்மையான இளங்கண்கள் உதவும். ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் சரிபார்ப்பது பிழையைத் தவிர்க்கும். பொறித்த இடம் தேய்க்கப்பட்டதுபோல் தோன்றினால் அவ்வண்டியை விட்டு விலகுக. எத்தனையாவது உரிமையாளர், எந்த எரிபொருள், வங்கிக் கடன் உள்ளதா என்பனவும் சான்றிதழில் உள்ளன. கடன் குறிப்பு இருந்தால், கடன் தீர்ந்ததற்கான வங்கிக் கடிதமும் படிவம் 35உம் பெற்று அக்குறிப்பை நீக்கிய பின்னரே முழுப்பணம் தருதல் வேண்டும். நிலுவை அபராதங்களையும் இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

தில்லியில் வண்டியின் வயதுக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிகளும் பதினைந்து ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளும் தலைநகர்ப் பகுதியில் ஓடலாகாது எனத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்டது. 2018இல் உச்ச நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. 2025 ஆகஸ்டில் அந்நீதிமன்றமே, வயதை மட்டும் காரணமாகக் கொண்டு உரிமையாளர்மீது கட்டாய நடவடிக்கை எடுக்க வேண்டா என இடைக்கால ஆணை பிறப்பித்தது. விதி இவ்வாறு மாறி வருவதால் வாங்கும் நாளில் உள்ள நிலையை விசாரித்தறிக. ஒன்பதாண்டு டீசல் கார் மிகக் குறைந்த விலைக்கு வந்தால் அதன் காரணம் உங்களுக்கு இப்போது விளங்கும்.

பணம் கைமாறிச் சாவி கைக்கு வந்தால் கார் நமதாகிவிட்டது என்றே பலர் கருதுகின்றனர். சட்டம் அவ்வாறு கருதுவதில்லை. படிவம் 29, 30 ஆகியவற்றில் கையொப்பமிட்டு, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பெயர் மாற்றம் செய்தல் வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, மாநிலத்திற்குள் விற்பவர் 14 நாளுக்குள்ளும் வாங்குபவர் 30 நாளுக்குள்ளும் இதனைத் தெரிவிக்க வேண்டும். காப்பீட்டையும் 14 நாளுக்குள் தம் பெயருக்கு மாற்றக் கோர வேண்டும். காப்பீடு பழைய பெயரிலேயே இருக்கையில் கார் திருடுபோனால் வாங்கியவருக்கு இழப்பீடு மறுக்கப்படலாம்.

விற்றவருக்கும் இடர் உண்டு. கார் ஒன்று அடுத்தடுத்துப் பலர் கைக்கு மாறியது. பதிவேட்டில் முதல் உரிமையாளர் பெயரே இருந்தது. அக்கார் விபத்துக்குள்ளாகி உயிரிழப்பு நேர்ந்தது. பதிவேட்டில் பெயர் உள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பாளர் என 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் அவ்வண்டியை விற்றுப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

ஓய்வுக்குப் பின் ஊருக்குத் திரும்பும்போது காரையும் கொண்டுசெல்ல எண்ணுவோர் தில்லி அலுவலகத்தில் தடையின்மைச் சான்றிதழ் பெற்று, பன்னிரண்டு மாதங்களுக்குள் தமிழ்நாட்டில் மறுபதிவு செய்து, வண்டியின் வயதுக்கேற்ற வரியும் செலுத்த வேண்டும். மாறுதலுக்குரிய பணியினருக்காக 2021இல் ‘பி.எச்.’ வரிசைப் பதிவெண் வந்தது. அவ்வண்டிகளுக்கு ஈராண்டுக்கு ஒருமுறை வரி கட்டுவதால், எதுவரை கட்டப்பட்டுள்ளது என்பதையும் கேளுங்கள்.

சொல்லும் பொருளும்
பட்டி – பள்ளத்தை நிரப்பப் பூசும் பசை
ஐயுறல் – சந்தேகித்தல்
நிலுவை – கட்டப்படாமல் நிற்பது
இடர் – துன்பம், ஆபத்து

பயிற்சி

1. எஞ்சினைக் குளிர்ந்த நிலையில் சோதிப்பது ஏன்? இரண்டு தொடர்களில் எழுதுக.

2. ‘வாங்குமுன்’, ‘ஏறிய பின்’ என்பனபோல் ‘முன்’, ‘பின்’ சேர்ந்த ஐந்து தொடர்களை நீங்களே அமைக்க.

3. பின்வருவனவற்றைப் படித்து, முரண்படுவனவற்றைக் கண்டு எழுதுக.
விற்பவர் கூற்று: “ஒரே உரிமையாளர், கடன் இல்லை, முப்பதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியது, டயர்கள் நிறுவனம் தந்தவை.”
பதிவுச் சான்றிதழ்: உற்பத்தி 2016 மே, உரிமையாளர் வரிசை 3, வங்கிக் கடன் குறிப்பு உண்டு.
வண்டி: முன் டயர்கள் 2321, பின் டயர்கள் 2321, ஸ்டெப்னி 1416.
சர்வீஸ் சீட்டு: 2019 ஜூன், 61,000 கிலோமீட்டர்.

4. மேற்கண்ட காரைப் பார்த்துவந்த தந்தையாருக்கு, அதை ஏன் வாங்கலாகாது என்பதை விளக்கி ஒரு பக்க அளவில் கடிதம் எழுதுக.

5. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ உள்ள வண்டியின் டயர் இலக்கங்களைப் பெரியோர் இசைவுடன் பார்த்து, அவை குறிக்கும் வாரத்தையும் ஆண்டையும் தமிழ் எண்ணுப்பெயரால் எழுதுக.