நோயாளியின் பேரேடு

பக்கவாதத்தால் ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் படுத்திருப்பவரை நோயைவிட மனச்சோர்வே அதிகம் வாட்டும். கைகால் ஒரு பக்கம் வராது, நாக்குக் குழறும், கடையை நினைத்து உள்ளம் பதறும். "நாளைக்கே எழுந்து விடுவீர்கள்" என்று நாம் கூறும் ஆறுதல் மறுநாளே பொய்யாகி, உள்ள நம்பிக்கையையும் குலைத்துவிடும்.

வியாபாரிகளாகிய நாம் ஒரே நாளிலா முதல் திரட்டினோம்? அன்றாடச் சிறு இலாபத்தைப் பேரேட்டில் வரவு வைத்தே உயர்ந்தோம். நோயாளிக்கும் அவ்வாறே கணக்கு வைப்போம். திங்களன்று பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வியாழனன்று தாமே கோப்பையைப் பிடித்தார். இவையெல்லாம் வரவு. முதல் 3 முதல் 6 மாதங்களில்தான் பெரும்பாலும் முன்னேற்றம் வேகமாயிருக்கும். பின்னரும் மெல்லத் தொடரும். ஆகவே பயிற்சியை விடலாகாது. இரக்கப்பட்டு எல்லாவற்றையும் நாமே செய்துவிடாமல், வைத்தியர் அனுமதிப்பதை அவரே செய்யவிட வேண்டும்.

வீட்டார் முறை வைத்துச் செல்லட்டும். மகன் கடைக் கணக்கைச் சொல்லி வாப்பாவின் யோசனையைக் கேட்கட்டும். தாம் இன்னும் வேண்டப்படுபவர் என்ற எண்ணமே அவரை எழுப்பும்.

நோயாளியைக் கண்டு நலம் விசாரிப்பது நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்பித்த கடமை. முதல் வாரம் கூட்டமாய்ப் போய் ஓய்ந்துவிடாமல், மூன்றாம் மாதத்திலும் ஒருவர்பின் ஒருவராகச் செல்வோம், சகோதரர்களே!