சாவதற்குள் அறுத்துவிடலாமா?

கேள்வி: முட்டையிட்டுக்கொண்டிருந்த நாட்டுக்கோழி, இரண்டு நாளாக இறக்கையைத் தொங்கப்போட்டுத் தூங்கி வழிகிறது. எச்சம் வெள்ளையும் பச்சையுமாகப் போகிறது. சாவதற்குள் அறுத்துவிடலாம் என்கிறார் மாமியார். என்ன செய்ய?

பதில்: அறுக்க வேண்டாம், சந்தைக்கும் அனுப்ப வேண்டாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் வெள்ளைக்கழிச்சல், அதாவது ராணிக்கெட் நோய் என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அறுத்த இடத்து ரத்தமும் குடலும் போதும், தெருவில் உள்ள கோழிகளுக்கெல்லாம் பரவிவிடும்.

இன்றே தனிப் பஞ்சாரத்தில் கவிழ்த்துவிடுங்கள். மற்றவற்றுக்குத் தீனி வைத்தபிறகு கடைசியாக இதனிடம் போய், கைகால் கழுவிவிட்டு வாருங்கள். குடற்புழுவாலும் கோழி கழியும். அதற்கு மருந்துண்டு, பிழைத்துவிடும். ஆகவே புது எச்சம் கொஞ்சம் எடுத்துக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள்.

கழுத்து முறுக்கி, வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் நம்பிக்கை குறைவு. வெள்ளைக்கழிச்சல் வைரஸ் நோய், குணப்படுத்தும் மருந்தில்லை. பாவம், அதைத் துடிக்கவிடாமல் மருத்துவர் மூலம் முடித்துவைப்பதே கருணை என்பேன். செத்தால் குப்பையில் வீசாமல், ஆழக் குழிதோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். கோழிகள் கூட்டமாகத் திடீரென்று செத்தால், தொடாமல் உடனே மருத்துவருக்குத் தகவல் சொல்லுங்கள்.

மிஞ்சியவற்றுக்குத் தடுப்பூசி எப்போது போடலாம் என்றும் அவரிடமே கேளுங்கள்.